அவன் செய்த கதவு

"மேல இன்னைக்கு யாரைக் கொல்றாங்க?"

கீழே டயர் கடையில் ஒருவர் கேட்பார். "தெரியல, பொம்பளைக் குரல்தான் கேக்குது" என்பார் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போகிற இன்னொருவர். அவர்களுக்குப் பழகிவிட்டது. மாடியிலிருந்த வக்கீல் அலுவலகத்தில் அடிக்கடி யாராவது கத்துவார்கள், அழுவார்கள், எதையாவது தள்ளிவிடுவார்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி, டயர்களுக்கு நடுவே குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பெரும்பாலும் கத்துவது வக்கீலம்மாதான். தங்கள் நாட்டை விட்டு ஓடிவந்து, இங்கே இருக்க அனுமதி கேட்கிற குடும்பங்களின் வழக்குகளைத் தவிர வேறு எதையும் அவள் எடுப்பதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தொழிலின் தொடக்கத்தில் ஒரு தாயின் வழக்கைத் தோற்றாள். ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டதற்கு அந்தத் தாய் ஒருமுறை இடது என்றாள், ஒருமுறை வலது என்றாள். பொய் சொல்கிறாள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அப்போதிலிருந்துதான் வக்கீலம்மா நாற்காலிகளை நகர்த்த ஆரம்பித்தாள். விசாரணைக்கு முன்னால் குடும்பத்தைக் கூப்பிட்டு, அவர்கள் விட்டு வந்த வீட்டை அந்த அறைக்குள் அமைப்பாள். இந்த நாற்காலி அடுப்பு, இது கட்டில், இந்த மேஜை வாசல். நீ எங்கே நின்றாய், அங்கே போய் நில். அவன் எந்தக் கையில் கம்பி வைத்திருந்தான்? அந்தக் கையை ஓங்கு. அடிக்க வந்தவர்கள் சொன்ன வார்த்தைகளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதே வார்த்தைகளை அவளே கத்துவாள்.

"வாய் குழம்பும். உடம்பு குழம்பாது" என்பாள்.

அப்படிக் கத்திக் கத்தி அவளுக்குள் ஏதோ மரத்துப் போயிருந்தது. அவளுக்கே அது தெரியும். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது கத்தியின் நீளத்தைப் பார்ப்பாள். அவளுடைய தங்கை ஒருநாள் சொன்னாள்: "உன்கிட்ட சாவு சேதி சொன்னாக்கூட, எத்தனை மணிக்கு, யாரு பார்த்தாங்கன்னுதான் கேப்பே." எல்லாரும் சிரித்தார்கள். வக்கீலம்மாவும் சிரித்தாள். வீட்டுக்குப் போய், முகம் கழுவும்போது கண்ணாடியில் கொஞ்ச நேரம் தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த மழைக்காலத்தில் அவளிடம் இருந்த வழக்குகளில் ஒன்று தச்சனுடையது. தச்சன், அவன் மனைவி, எட்டு வயது மகள். தச்சன் இங்கே சரக்கு ஏற்றும் மரச்சட்டங்களுக்கு ஆணியடிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். மனைவி ஒரு துணிக்கடையின் பின்னறையில் கால்சட்டைகளுக்கு நீளம் குறைக்கிற தையல்காரி. மகளை இருவரும் பாப்பா என்று கூப்பிட்டார்கள்.

முதல்நாள் வந்தபோதே தச்சன் அலுவலகக் கதவைத் தடவிப் பார்த்தான்.

"மழைக்கு ஊதியிருக்கு மேடம். ஒரு இழைப்புளி இருந்தா அரை நாள்ல சரி பண்ணித் தந்துருவேன்."

"கேஸ் முடியட்டும்."

"கேஸ் முடியறதுக்குள்ள வெயில் வந்துரும். அப்ப தானே சுருங்கிரும். எனக்கு வேலை இல்லாமப் போயிரும்."

அப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன். அவனுடைய இடது தோள் எலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. முதுகில் கம்பியால் விழுந்த நீண்ட தழும்புகள். மருத்துவர் பார்த்துச் சான்று கொடுத்துவிட்டார். காயம்பட்ட ஆளை முன்னால் நிறுத்து என்பது வக்கீலம்மாவின் தொழில் கணக்கு. ஆகவே தச்சன் பெயரில் வழக்கு. மனைவியும் மகளும் அவனைச் சார்ந்தவர்கள்.

நடந்தது இதுதான். தையல்காரியின் தம்பி, அவர்கள் ஊரில் குடிசைகளுக்குத் தீ வைத்தவர்களை நேரில் பார்த்தவன். பெயர் சொல்லிச் சாட்சி சொல்லப் போவதாக இருந்தான். அவனைத் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் அக்கா வீட்டில் வந்து ஒளிந்துகொண்டான். ஒரு மழை நாளில் பிற்பகலில் ஆட்கள் வந்தார்கள். பின்கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள். அடுப்படி வழியாகத் தம்பியின் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போய், முற்றத்துத் தண்ணீர்க் குழாயடியில் வைத்து அடித்தார்கள். தடுக்கப் போன தச்சனையும் அடித்தார்கள். பாப்பாவின் வாயைப் பொத்தியபடி உள்ளறை ஜன்னல் வழியாகத் தையல்காரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலை உடைஞ்சதும் சத்தம் மாறிப்போச்சு மேடம்" என்று அவள் சொல்லியிருந்தாள். "அதுக்கு முன்னாடி மரத்துல அடிக்கிற மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஈரத்துணியில அடிக்கிற மாதிரி. அதுக்கப்புறமும் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க."

"தம்பி ஏதாவது சொன்னானா?"

"இழுத்துட்டுப் போறப்ப ரெண்டு தடவை அத்தான், அத்தான்னு கூப்பிட்டான். இவரத்தான். அப்புறம் ஒண்ணும் சொல்லல."

வக்கீலம்மா அதைக் குறித்துக்கொண்டாள். சாகப்போகிறவன் உதவிக்கு அத்தானைக் கூப்பிட்டான். அத்தான் அடைக்கலம் கொடுத்தவர் என்பதற்கு அது நல்ல சாட்சி.

ஒருமுறை தையல்காரியின் கழுத்துத்துணி விலகியபோது, காதுக்குக் கீழே மஞ்சளாகப் பழுத்த நான்கு தடங்கள் தெரிந்தன.

"என்னம்மா இது?"

"மெஷின்ல இடிச்சுக்கிட்டேன்."

தையல் மெஷினில் யாரும் கழுத்தை இடித்துக்கொள்ள முடியாது. வக்கீலம்மாவுக்கு அது தெரியும். கேட்டால் வழக்கு இரண்டாகப் பிளக்கும் என்பதும் தெரியும். "பாத்துத் தைம்மா" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

கணவனையும் மனைவியையும் சேர்த்து வைத்து ஒத்திகை பார்ப்பதில்லை என்று அவளுக்கு ஒரு விதி உண்டு. ஒருவர் சொல்வது இன்னொருவர் நினைவில் ஒட்டிக்கொள்ளும். அந்த வாரம் அந்த விதியை அவளே மீறினாள். விசாரணை நெருங்கிவிட்டது. துணிக்கடை முதலாளி ஒரே ஒரு பிற்பகல்தான் விடுப்புக் கொடுத்தான். இருவரையும் சேர்த்தே வரச் சொன்னாள்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வெளியே நடைக்கூடத்தில் வேறு ஒரு குடும்பம் காத்திருந்ததால் நாற்காலிகளெல்லாம் அங்கே போய்விட்டன. மிஞ்சிய இரண்டை அடுப்பாகவும் ஜன்னலாகவும் வைத்தாள்.

"பின்கதவுக்கு என்ன வைக்கறது?" என்றாள் தையல்காரி.

"இந்தக் கதவே இருக்கட்டும். நான் வெளிய போய் இடிக்கிறேன். ஐயா, நீங்க உள்ளருந்து தாழ்ப்பாள் போட்டுக்குங்க. அன்னைக்கு நின்ன மாதிரியே நில்லுங்க. உடைச்சுட்டேன்னு நான் சொன்னதும் நீங்க எந்தப் பக்கம் விழுந்தீங்கன்னு காட்டணும். அரசாங்க வக்கீல் அதைத்தான் நோண்டுவான்."

"இந்தத் தாழ்ப்பாளை யாரும் தொட்டே பல வருஷம் இருக்கும் போல" என்றான் தச்சன். கதவின் உச்சியிலிருந்த இரும்புத் தாழ்ப்பாளை மேலே தள்ளி நிலையில் ஏற்றினான். துரு உதிர்ந்தது.

வக்கீலம்மா வெளியே காத்திருந்த குடும்பத்தைப் பார்த்து, "பயப்படாதீங்க, சும்மா" என்றாள். பிறகு இரண்டு கைகளாலும் கதவில் அறைந்தாள்.

"டேய்! திற!"

கீழே டயர் கடையில் யாரோ சிரித்தார்கள்.

"உள்ளதான் இருக்கான்னு தெரியும். திறடா! திறக்கலைன்னா குடும்பத்தோட கொளுத்துவோம்! உன் பிள்ளையோட கொளுத்துவோம்!"

காலால் உதைத்தாள். மறுபடியும் அறைந்தாள். உள்ளங்கை எரிந்தது. "எண்ணெய் கொண்டு வாடா!" என்று யாரோ பக்கத்தில் நிற்பதுபோலத் திரும்பிக் கத்தினாள். தையல்காரி சொல்லியிருந்த வார்த்தைகள்தான், ஒன்றும் கூட்டவில்லை. ஓங்கி இன்னும் ஓர் உதை விட்டாள். "உடைச்சுட்டேன்" என்று சொல்ல வாயெடுக்கும் முன் உள்ளே பலகையில் ஏதோ முட்டியது. தாழ்ப்பாள் டணக்கென்று விழுந்தது. கதவு உள்பக்கமாகத் திறந்துகொண்டது.

தச்சன் நின்றிருந்தான். வலது கை தாழ்ப்பாளில். வலது முழங்கால் பலகையைவிட்டு இன்னும் இறங்கவில்லை. முகத்தில் வேர்வை கொட்டியது. கண்கள் அவளைப் பார்த்தன, ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

"ஐயா, நான் உடைக்கிறேன்னுதானே சொன்னேன்" என்றாள் வக்கீலம்மா. அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீங்க ஏன் திறந்தீங்க?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி அவளுக்கே கேட்டது.

தச்சன் கையை இறக்கினான். "இல்ல மேடம். கதவு இறுக்கமா இருந்துச்சு. மழையில அப்படித்தான், முழங்காலைக் கொடுத்தாத்தான் தாழ்ப்பாள் தளரும். சும்மா பழக்கத்துல..."

"நம்ம வீட்டுக் கதவும் அப்படித்தான்" என்றாள் தையல்காரி.

அவள் ஜன்னலாக வைத்த நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். ஒரு கை, அங்கே இல்லாத பாப்பாவின் வாயை இன்னும் பொத்தியபடி இருந்தது.

"அந்தச் சத்தம்" என்றாள். "இரும்பு விழுற சத்தம். அன்னைக்குக் கேட்டேன். கம்பியைக் கீழ போட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். இத்தனை வருஷமா கம்பின்னே நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

"ஏய், கோட்டி பிடிச்ச மாதிரி பேசாதே."

"அது நீங்க செஞ்ச கதவு. மழைக்காலத்துல என்னால திறக்க முடியாது. தம்பியால திறக்க முடியாது. நீங்க ஒருத்தர்தான் ஒரே முட்டுல திறப்பீங்க." அவள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "உடைஞ்ச கதவை நான் பார்க்கவே இல்ல. முன்வாசல் வழியாத்தான் தப்பிச்சோம். யாரும் பார்க்கல. நீங்கதான் சொன்னீங்க."

"மேடம், இவளுக்கு உடம்பு சரியில்ல, இன்னொரு நாள்..." தச்சன் விழுந்துவிடாமல் இருக்கப் பிடித்துக்கொள்வதுபோலக் கையை நிலையில் வைத்தான். கீல் பக்கம் அல்ல, தாழ் பக்கம். வக்கீலம்மாவைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான்.

தையல்காரி கதவை இரண்டு கைகளாலும் பிடித்து அறைந்து சாத்தினாள்.

வெளியே நின்ற வக்கீலம்மா, பச்சைக் கிளை முறிவதுபோல ஒரு சத்தத்தைக் கேட்டாள். நிலைக்கும் கதவுக்கும் நடுவே நான்கு விரல்களின் நுனி அவள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. நகங்கள் அவள் கண்ணெதிரே வெளுத்து, பிறகு கறுத்தன. உள்ளே தச்சன் அலறினான். கதவு ஒரு விரல்கடை திறந்தது, மறுபடியும் அறைந்து சாத்தப்பட்டது. மறுபடியும். மூன்றாவது முறை தையல்காரி முழு உடம்பையும் கதவில் சாய்த்துவிட்டாள்.

"திற!" என்று வக்கீலம்மா கத்தினாள். "திறம்மா! கதவைத் திற!"

கைகளால் அறைந்தாள். தோளால் இடித்தாள். நிலையோரமாக ரத்தம் இறங்கி அவள் செருப்பில் சொட்டியது. உள்ளே கணவன் ஊளையிட்டான். மனைவியின் குரலே இல்லை. காத்திருந்த குடும்பம் அப்படியே உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கு இது ஒத்திகை. கீழே யாரும் படியேறி வரவில்லை. மாடியில் கதவை இடித்துக்கொண்டு "திற, திற" என்று கத்துவது வக்கீலம்மாதானே என்று டயரை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

*

மருத்துவமனையில் எப்படி நடந்தது என்று கேட்டார் மருத்துவர். தச்சனுக்கு இந்த நாட்டு மொழி வராது. வக்கீலம்மாவைப் பார்த்து, "காத்துக்குச் சாத்திக்கிச்சுன்னு சொல்லுங்க மேடம்" என்றான். உதடு வெளுத்திருந்தது.

மருத்துவர் பேனாவோடு காத்திருந்தார். இத்தனை வருஷத்தில் மற்றவர்கள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதில்தான் அவளுடைய பெயர் இருந்தது. காற்று என்று சொன்னாள். மருத்துவர் எழுதிக்கொண்டார். மூன்று விரல்கள் முறிந்திருந்தன. சுட்டுவிரலின் மேல்கணு போய்விட்டது. அதை எடுக்க வேண்டும் என்றார்.

வெளியே நீளமான இருக்கையில் தையல்காரி ஒரு காகிதக் கோப்பைத் தேநீரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். குடிக்கவில்லை.

"எடுக்கப் போறாங்களா?"

"மேல்கணு மட்டும்."

"அந்தக் கையிலதான் உளி பிடிப்பாரு." கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா வேணும்" என்றாள். பிறகு இன்னும் மெல்ல, "பாவம்" என்றாள். இரண்டையும் அவள் மனதாரச் சொன்னாள் என்று வக்கீலம்மாவுக்குத் தோன்றியது.

"கழுத்துல இருந்தது மெஷின் இல்லையே."

"நீங்க கேட்டப்பவே உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும் மேடம்."

வக்கீலம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"படுக்கறதுக்கு முன்னாடி நான் கதவைப் பூட்டியிருக்கான்னு பார்ப்பேன். ஒருதடவை பார்த்தா மனசு அடங்காது. திரும்பவும் எழுந்து போவேன். அதுக்குத்தான் அடிப்பாரு. பூட்டினது போதாதா, என்ன பார்க்கறே, என்னடி பார்க்கறேன்னு கழுத்தைப் பிடிப்பாரு. நான் கதவைப் பார்க்கறது அவரைப் பார்க்கற மாதிரி இருந்திருக்கு. அது எனக்குத் தெரியாமப் போச்சு." தேநீரில் ஆடை கட்டியிருந்தது. "போலீசுக்குப் போவேன்னு ஒருநாள் சொன்னேன். போயேன், என் கேஸ்லதான் நீ இங்க நிக்கறே, நான் போனா நீயும் உன் மகளும் போவீங்கன்னாரு. சரிதானே மேடம்? நீங்கதானே அப்படி எழுதினீங்க?"

"நான்தான் எழுதினேன்."

"தம்பி அத்தான் அத்தான்னு கூப்பிட்டானே." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "உதவிக்கு இல்ல மேடம். ஏன் அத்தான்னு கேட்டிருக்கான்."

*

ஞாயிற்றுக்கிழமை வக்கீலம்மா அவர்கள் வீட்டுக்குப் போனாள். இரண்டு அறை. ஒன்றில் தையல் மெஷினும் கட்டிலும், இன்னொன்றில் அடுப்பும் மேஜையும். ஈரத்துணிகள் கொடியில் காயாமல் தொங்கின. பாப்பா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். தச்சன் மேஜையருகே, பெரிய வெள்ளைக் கட்டோடு உட்கார்ந்திருந்தான். அவனுடைய தட்டில் இருந்த ரொட்டியைச் சின்னச் சின்னத் துண்டாக்கி வைத்திருந்தது. பாப்பா செய்திருக்க வேண்டும்.

தையல்காரி மகளை மாடிவீட்டுத் தோழியிடம் அனுப்பினாள். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தாள். தைக்கவில்லை. சக்கரத்தில் கைவைத்திருந்தாள்.

"நான் சுத்தி வளைச்சுப் பேசப் போறதில்ல" என்றாள் வக்கீலம்மா. "கதவை உடைச்சாங்கன்னு நாம எழுதிக் கொடுத்திருக்கோம். அது பொய்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுக்கிட்டே அதை நான் கோர்ட்ல சொல்ல முடியாது. மாத்திக் கொடுக்கணும். உண்மையைச் சொல்லணும். இல்லைன்னா நான் விலகிக்கணும்."

"மாத்தினா என்னைப் பொய்யன்னு சொல்லித் திருப்பி அனுப்புவாங்க" என்றான் தச்சன்.

"அனுப்பலாம்."

"நான் போனா இவங்களும்..."

"இல்லை." வக்கீலம்மா அவன் பக்கம் திரும்பினாள். "கொலையை முழுசா பார்த்தவங்க இவங்க. முகம் தெரியும், பெயர் தெரியும். செத்தவன் கூடப்பிறந்த தம்பி. உங்களைவிட இவங்களுக்குத்தான் ஆபத்து. முதல்லருந்தே இவங்க பேர்லதான் கேஸ் போட்டிருக்கணும். தழும்பு பெருசா இருந்ததுன்னு உங்களை முன்னாடி வச்சேன். இப்ப மாத்தறேன். இனிமே இது இவங்க கேஸ். நீங்க இதுல சார்ந்தவரா இருக்கலாம். இவங்க சேத்துக்கிட்டா."

கொடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தச்சன் மனைவியைப் பார்த்தான். அவள் கழுத்தைப் பிடித்த கை மேஜைமேல் ஒரு துணிமூட்டைபோலக் கிடந்தது.

"என்ன சொல்றே?" என்றான்.

"எதுக்குத் திறந்தே?"

அவள் அவனை நீங்க என்று அழைத்துத்தான் வக்கீலம்மா இதுவரை கேட்டிருந்தாள். தச்சனும் திடுக்கிட்டது தெரிந்தது.

"எண்ணெய் வாசம் வந்துச்சு" என்றான். "கதவுக்கடியில ஊத்திட்டாங்க. மழை பெஞ்சும் வாசம் வந்துச்சு. உள்ள பாப்பா இருந்தா, நீ இருந்தே. ரெண்டு வயசுப் பிள்ளை. அவனை மட்டும்தான் கேட்டாங்க. நான் ஒண்ணுமே யோசிக்கல. கை போயிருச்சு."

"கை போயிருச்சா?"

"அவன் என் பின்னாடிதான் நின்னான். என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு." தச்சன் நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டான். "தாழ்ப்பாள்ல கை வச்சதும் சட்டையை விட்டுட்டான்."

தையல்காரி எழுந்து போய் அவனைப் பளாரென்று அறைந்தாள். அவன் தடுக்கவில்லை. மறுபடியும் அறைந்தாள். ரொட்டித் தட்டு உருண்டது. கட்டுப்போட்ட கை மேஜையில் மோதி அவன் வலியில் முனகினான். வக்கீலம்மா எழுந்துபோய் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவரைச் சேக்கணுமா வேண்டாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். "நீ வேண்டாம்னா விட்டுடறேன். யாரும் உன்னைக் கேக்க முடியாது."

"அவரு எல்லார் முன்னாடியும் சொல்லட்டும்" என்றாள் தையல்காரி. "சாக்குப்போக்கு இல்லாம. அதுக்கப்புறம் சொல்றேன்."

*

விசாரணை அறை சின்னது. ஒரு நீதிபதி, ஒரு அரசாங்க வக்கீல், ஒரு மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளர் முன்பு பேருந்து ஓட்டியவர், இடைவேளையில் வேடிக்கையாகப் பேசுகிறவர். "இந்த ஜோலிக்குப் பஸ்ஸே மேல் மேடம். அதுல ஏறினவங்க யாரும் அழல" என்று அன்று காலையும் சொன்னார்.

தையல்காரி முதலில் சொன்னாள். குழாயடி, கம்பிகள், முகங்கள், பெயர்கள், மாறிப்போன சத்தம். கேட்டதற்குப் பதில் சொன்னாள், கேட்காததற்குப் பேசாமல் இருந்தாள். வக்கீலம்மாவுக்கு அவளைப் பற்றிப் பயமில்லை. பிறகு தச்சனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

அரசாங்க வக்கீல் இளைஞன். பணிவாகப் பேசினான். முன்பு கதவை உடைத்தார்கள் என்றீர்கள், இப்போது நானே திறந்தேன் என்கிறீர்கள். எது உண்மை?

"நான் திறந்தேன்."

ஏன் மாற்றிச் சொன்னீர்கள்?

"வெக்கம்."

மொழிபெயர்ப்பாளர் அந்த ஒரு சொல்லுக்குச் சரியானது கிடைக்காமல் தடுமாறி, ஏதோ ஒன்றைச் சொன்னார்.

அடுத்த கேள்வியில் அந்த இளைஞன் இரக்கப்பட்டானா, வலை விரித்தானா என்று வக்கீலம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. எப்படியும் அந்தக் கதவை அவர்கள் உடைத்திருப்பார்கள், இல்லையா? பத்துப் பேர் ஒரு பழைய மரக்கதவை உடைக்க எவ்வளவு நேரமாகும்? நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஒன்றுதான், அப்படித்தானே?

ஆமாம் என்றால் போதும். கதவு உடைந்திருக்கும், தம்பி செத்திருப்பான், தச்சன் செய்தது ஒன்றுமே இல்லை. வக்கீலம்மா மேஜைக்கடியில் தன் விரல்களை இறுக்கிக்கொண்டாள். ஆமாம் என்று சொல்லிவிடு என்று அவளுக்குள் ஒருத்தி வேண்டினாள். பின்வரிசையில் தையல்காரி அசையாமல் இருந்தாள்.

தச்சன் தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். அதை மெல்ல உயர்த்தினான், தலைக்கு மேலே, இல்லாத ஒரு தாழ்ப்பாள் வரைக்கும். முழங்கால் கூண்டின் பலகையில் போய் முட்டியது. அங்கேயே அப்படி நின்றான்.

"பழைய கதவு இல்லீங்க" என்றான். "என் கல்யாணத்துக்கு மறுவருஷம் நான் செஞ்சது. ஒரே மரம். குறுக்கே மூணு சட்டம் கொடுத்திருந்தேன். மழையில ஊதி நிலையோட இறுகிப்போயிருந்துச்சு. கொளுத்தினாலும் ஈரத்துல சட்டுனு பிடிக்காது." "தெருவுல ஆள் வந்து சேர்ற வரைக்கும் தாங்கியிருக்கும். நிச்சயமா தாங்கியிருக்கும்னு சொல்லல. ஆனா தாங்கியிருக்கும்னுதான் எனக்குத் தெரியும். திறக்கும்போதே தெரியும்."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்க நேரமானது. நீதிபதி இடைவேளை விட்டார்.

நடைக்கூடத்தில் தையல்காரி சுவரோரம் நின்றாள். பள்ளிச் சீருடையில் பாப்பா அம்மாவின் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டத்தில், அடுத்த தூணோரம் தச்சன்.

"அவரு ஆமான்னு சொல்லியிருந்தா அவருக்கு நல்லது" என்றாள் வக்கீலம்மா. "எதிராளி கொடுத்த வழியை விட்டுட்டாரு. நீதிபதி உன் கேஸை ஏத்துக்குவாங்கன்னு நினைக்கிறேன். இப்ப நீ சொல்லணும். அவரு?"

தையல்காரி கணவனை நீண்ட நேரம் பார்த்தாள். என்னடி பார்க்கறே என்று கேட்க இப்போது அவனுக்கு வாயில்லை. தலை குனிந்து நின்றான்.

"சேத்துக்கங்க" என்றாள். "அங்க திருப்பி அனுப்பினா கொன்னுடுவாங்க. என் தம்பி மாதிரி இன்னொருத்தரை அந்த ஆளுங்க கையில கொடுக்க என்னால முடியாது."

வக்கீலம்மா மூச்சை விட்டாள்.

"என் கேஸ்ல இருக்கட்டும் மேடம். என் வீட்ல வேண்டாம். அதுவும் எழுதணுமா?"

"அது எழுத வேண்டாம்."

"அப்ப நானே சொல்லிக்கறேன்."

மாலையில் எல்லாம் முடிந்து கிளம்பும்போது மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் கனமான இரட்டைக் கதவு. தச்சன் பழக்கத்தில் முன்னால் போனான். நல்ல கையை நீட்டி, அவர்களுக்காகக் கதவைத் தள்ளப் போனான்.

"விடு" என்றாள் தையல்காரி. "நானே திறந்துக்கறேன்."

அவன் கையை எடுத்தான். அவள் பாப்பாவை இடுப்போடு அணைத்துக்கொண்டு, தோளைக் கொடுத்து, கதவைத் தள்ளினாள். ஈரக்காற்று உள்ளே வந்தது. அவர்கள் வெளியே இறங்கினார்கள். பாப்பா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

கதவு மெதுவாகத் திரும்பி வரத் தொடங்கியது. தச்சன் அதைப் பிடிக்கவில்லை. கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து, அது தானாகச் சாத்திக்கொள்ளும்வரை வக்கீலம்மாவின் பக்கத்தில் நின்றான்.